கழுவிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்: பிக்கப்பின் சி.வி. ஆக்ஸிலைச் சீர்செய்வதா, மாற்றுவதா?

இன்ஜின் விசையை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் சி.வி. ஆக்ஸில்; இரு முனையிலும் மடங்கும் ஜாயின்ட், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் உறை, அதாவது பூட். என் பிக்கப்பின் முன்பக்க சி.வி. ஆக்ஸில் இரண்டையும் ஒரே நாளில் கழற்றி எடைக்குப் போட்டவன் நான். இரண்டிலும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஆனாலும் பூட் கிழிந்தால் ஆக்ஸில் போச்சு என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். வண்டியோடு வந்த ஒரிஜினல் இரண்டும் போய், பளபளவென்று ஒரு மலிவு ஜோடி வந்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆற்றுப் படுகையில் கூழாங்கல்லுக்குள் சக்கரம் புதைந்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபடி ரிவர்ஸில் மிதித்தேன். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட்டின் கிண்ணம் பிளந்து, பேரிங் குண்டு இரண்டு மணலில் கிடந்தன.

வண்டியைப் பார்த்த பெரிய மெக்கானிக் கேட்டது ஒரே கேள்விதான். “பழசைக் கழுவிப் பாத்தீங்களா தம்பி?”

“இல்லண்ணே, பூட் கிழிஞ்சிருந்துச்சு, அதான்…”

அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த மௌனத்துக்குப் பிறகு இன்றுவரை ஒரு ஆக்ஸிலையும் நான் கழுவாமல் எறிந்ததில்லை. கழற்றிக் கழுவிய பல ஆக்ஸில்களில் பாதிக்கு மேல் புது பூட் மட்டும் போட்டுக்கொண்டு வண்டிக்கே திரும்பிப் போயின.

உள்ளே இருப்பது

முன் சக்கரம் மேலும் கீழும் ஆடும், இடமும் வலமும் திரும்பும். அந்த நேரத்திலும் இன்ஜின் விசை தடையில்லாமல் அதற்குப் போய்ச் சேர வேண்டும். பின்பக்க நீள ஷாஃப்டில் இருக்கும் சாதாரண சிலுவை ஜாயின்ட், கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். திரும்புகிற சக்கரத்தில் அதைப் போட்டால் ஸ்டியரிங் உதறும். இதற்கு 1920-களில் ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஆல்ஃப்ரட் செப்பா ஒரு தீர்வு கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் நட்சத்திர வடிவில் ஒரு ஸ்டார், இரண்டுக்கும் நடுவே வளைந்த தடங்களில் ஆறு குண்டு, குண்டுகளைப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. எந்தக் கோணத்துக்கு மடக்கினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால் இந்தப் பக்கம் எந்த வேகமோ அந்தப் பக்கமும் அதே வேகம். உங்கள் வண்டியில் சக்கரத்துப் பக்கம் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

டிஃபரன்ஷியல், அதாவது விசையை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அந்தப் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட் வேறு சாதி. பெரும்பாலான பிக்கப்புகளில் அது டிரைபாட்: மூன்று கை, ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங் மேல் ஓடும் ஓர் உருளை, அவை முன்னும் பின்னும் வழுக்க நீளத் தடம் வெட்டிய ஒரு கப். சக்கரம் ஆட ஆட ஆக்ஸிலின் நீளம் மாற வேண்டுமே, அந்த வேலையை இதுதான் பார்க்கிறது. வெளி ஜாயின்ட் ஏறக்குறைய 45 டிகிரிவரை மடங்கும். டிரைபாட் 25 டிகிரியை ஒட்டியே திணறும். வண்டியை உயர்த்தியவர்கள் இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டுக்கும் மேல் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அதுதான் பூட். உள்ளே கிரீஸை வைத்திருப்பதும் வெளியே மணலையும் தண்ணீரையும் நிறுத்துவதும் அந்த ஒரு ரப்பர்தான். ஜாயின்ட் தானாகத் தேய்வது அபூர்வம். பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே போய் அரைத்துத்தான் பெரும்பாலான ஜாயின்ட்கள் சாகின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பூட் கிழிந்து எவ்வளவு நாள் ஆயிற்று, அந்த நாட்களில் வண்டி எதற்குள் ஓடியது?

“நான் ஃபோர் வீல் போடுவதே இல்லையே” என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். கையால் திருப்பிப் பூட்டும் ஃப்ரீ வீல் ஹப் (ஆக்ஸிலிலிருந்து சக்கரத்தை விடுவித்துவிடும் ஏற்பாடு) இருக்கிற வண்டி என்றால் சரி. மற்ற பெரும்பாலானவற்றில் ஃபோர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் சக்கரத்தோடு சேர்ந்து ஆக்ஸில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஃபோர் வீல் போடாதபோது தானாகத் துண்டித்துக்கொள்ளும் டொயோட்டாவின் ஏ.டி.டி. ஏற்பாடுகூட டிஃபரன்ஷியல் பக்கத்தில்தான் இணைப்பைத் துண்டிக்கிறது. ஆக்ஸில் அப்போதும் சுற்றும், பூட் அப்போதும் தேயும்.

சத்தம் சொல்வது

காலி இடத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டம் அடித்துக்கொண்டே கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். டக் டக் டக் என்று சக்கர வேகத்தோடு சேர்ந்து சத்தம் வந்தால் வெளி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. நேர்ச்சாலையில் மிதிக்கும்போது மட்டும் முன்பக்கம் உதறி, காலை எடுத்ததும் அடங்கினால் உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டொக்’ என்றால் உடனே ஆக்ஸிலைக் குற்றம் சொல்லாதீர்கள், சிலுவை ஜாயின்ட்டிலும் டிஃபரன்ஷியலிலும் ஆட்டம் இருந்தாலும் அப்படி வரும்.

சத்தமே இல்லாமல் பூட் மட்டும் கிழிந்திருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். தள்ளிப்போடாமல் அந்த வாரமே கழற்றுங்கள்.

ஒரு சின்ன சோதனை. இரண்டு முன் சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, உள் ஜாயின்ட்டின் கப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடு ஷாஃப்டை மறுகையால் முறுக்கிப் பாருங்கள். பிறகு வெளி ஜாயின்ட்டுக்கும் அதேபோல். இடம் வலம் இரண்டையும் ஒப்பிட்டால்தான் இதற்கு அர்த்தம் உண்டு, ஒன்றை மட்டும் ஆட்டிப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

கழற்றுவது

சக்கரத்தின் நடுவே ஆக்ஸில் முனையைப் பிடித்திருக்கும் நடு நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக்கை யாராவது மிதித்துக்கொள்ள, இளக்கிவிடுங்கள். 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கியிருக்கும் நட் அது. ஸ்டாண்டில் தூக்கிய பிறகு நீளக் குழாய் மாட்டித் தொங்கினால் வண்டி சாயும். நட் கழலாமல் தடுக்கும் பூட்டுப் பின் (காட்டர் பின்) இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். நட் இளகியபின் வண்டியைத் தரையில் உருட்டாதீர்கள். பேரிங் இறுக்கத்தைப் பிடித்திருப்பது அந்த நட்தான்.

பிறகு ஸ்டாண்ட், சக்கரம், பிரேக் காலிப்பர். காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஏ.பி.எஸ். ஒயர் இருந்தால் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். அதை மறந்து இழுத்து அறுத்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு. கீழ் பால் ஜாயின்ட்டையோ மேல் பால் ஜாயின்ட்டையோ விடுவித்தால் நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கும் பகுதி) வெளியே சாயும், ஹப்பிலிருந்து ஆக்ஸில் முனையை உருவலாம். முனை இறுகியிருந்தால் நட்டை நுனிவரை திருப்பி வைத்துக்கொண்டு பித்தளைக் கட்டையால் அடியுங்கள். வெறும் மரையில் இரும்புச் சுத்தியலால் ஓர் அடி, நட் திரும்ப ஏறாது.

வெளிப்பக்கம் விடுபட்டதும் ஆக்ஸிலை அப்படியே தொங்கவிடக் கூடாது. அதன் எடையில் உள் டிரைபாட் கப்பை விட்டு வெளியே வரும், உருளைகள் நழுவும். ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

டிஃபரன்ஷியலிலிருந்து உள் கப்பை எடுக்க, ஷாஃப்டை இழுப்பதில் பயனில்லை. ஷாஃப்டை இழுத்தால் டிரைபாட்தான் கழன்றுவரும். கப்புக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு தட்டை நெம்புகோலைக் கொடுத்து ஒரே வெட்டாக நெம்பினால் உள்ளே இருக்கும் சர்க்கிளிப் (பிடித்து நிறுத்தும் கம்பி வளையம்) விட்டுக்கொடுக்கும். கீழே தட்டு வையுங்கள், கொஞ்சம் எண்ணெய் வரும். வெளியே எடுக்கும்போது ஸ்ப்ளைன் பல் (தண்டு முனையில் நீளவாக்கில் வெட்டிய பல்) ஆயில் சீலில் உரசாமல் நேராகத் தாங்கி எடுக்க வேண்டும். ஆக்ஸில் வேலை முடிந்த மறுநாளே டிஃபரன்ஷியல் ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு நொடிதான்.

பிரிப்பதும் கழுவுவதும்

நடு ஷாஃப்டை வைஸில் பிடியுங்கள், தாடைக்கு அலுமினியத் தகடோ மரத்துண்டோ கொடுத்து. பழைய கிளாம்ப்களை வெட்டி, பூட்டையும் கத்தியால் கிழித்து எடுத்துவிடலாம், பூட் உட்காரும் பள்ளத்தில் மட்டும் கீறல் விழக் கூடாது. கப்பைக் கழற்றுவதற்குமுன் கப், டிரைபாட், ஷாஃப்ட் மூன்றிலும் பெயின்ட்டால் ஒரே கோட்டில் குறி. பஞ்ச் வைத்துக் குத்த வேண்டாம்.

கப்பை உருவியதும் மூன்று உருளைகளையும் சுற்றி உடனே டேப் ஒட்டிவிடுங்கள். சில வகைகளில் உருளை கையோடு வந்துவிடும், அதற்குள் அடுக்கியிருக்கும் ஊசிகள் மழை மாதிரி கொட்டும். முதல்முறை எனக்கு அப்படிக் கொட்டியது. கிரீஸ் பிடித்த ஊசி ஒவ்வொன்றையும் தரையில் முழங்காலிட்டுக் காந்தம் வைத்துப் பொறுக்கினேன், கடைசி ஊசி என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது. ஸ்னாப் ரிங்கை எடுத்து, டிரைபாட்டை உருவ வேண்டும், வராவிட்டால் பித்தளைக் கட்டை வைத்து அதன் நடுப்பகுதியில் தட்டுங்கள். உருளையில் தட்டக் கூடாது.

வெளி ஜாயின்ட்டைப் பொறுத்தவரை இரண்டு ரகம். சிலவற்றில் ஸ்டாரை உள் சர்க்கிளிப்தான் பிடித்திருக்கும், ஒரு தீர்க்கமான அடியில் கழன்று வரும். அப்போது கூண்டைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். எந்தக் குண்டு எந்தத் தடத்தில் இருந்தது என்பதை மாற்றாமல் முட்டை அட்டைக் குழிகளில் வரிசையாக வையுங்கள். வேறு சிலவற்றில் வெளி ஜாயின்ட்டை ஷாஃப்டிலிருந்து பிரிக்கவே கூடாது என்று கையேடு சொல்லும். அப்படிப்பட்டதில் வெளி பூட்டையும் உள்பக்கத்திலிருந்துதான் ஏற்ற வேண்டும், ஜாயின்ட்டை இருந்த இடத்திலேயே கழுவ வேண்டும்.

கழுவ மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி போதும் பட்டறையே போய்விடும். முதலில் பழைய கிரீஸை விரலால் வழித்து ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்தால் நல்ல செய்தி. இரண்டு விரல் நடுவே நறநறத்தால் மணல். வெயிலில் திருப்பும்போது மினுமினுத்தால் அது இரும்புத் தூள், ஜாயின்ட் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. காபியில் பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. கழுவத் தொடங்குவதற்கு முன்பே பாதிக் கதை இதில் தெரிந்துவிடும்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஜாயின்ட்டை எல்லாப் பக்கமும் மடக்கி மடக்கி, தட்டில் விழும் எண்ணெயில் ஒரு துகள்கூட மினுங்காத நிலை வரும்வரை ஊற்றுங்கள். பிறகு காற்றடித்து, முழுக்க உலரவிடுங்கள். மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் புதுக் கிரீஸ் இளகி ஓடிவிடும். நான் ஒரு ராத்திரி வெறுமனே விட்டுவிடுவேன். நல்ல டார்ச்சோடு மறுநாள் காலை உட்கார்ந்தால் கண்ணும் ஓய்ந்திருக்கும், அவசரமும் குறைந்திருக்கும்.

நகம்தான் கருவி

தடங்களைப் பாருங்கள். குண்டு ஓடிய பாதை கண்ணாடி மாதிரி பளபளப்பது தேய்மானம் அல்ல, அது இயல்பு. அந்தப் பளபளப்பின் ஓரத்தில் கட்டை விரல் நகத்தைக் குறுக்காக இழுங்கள். வழுக்கிப்போனால் நல்லது. நகம் தட்டி நின்றால் அங்கே படி விழுந்திருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது தடத்தின் ஒரு சுவரில்தான் சுமை, அந்தச் சுவரை மட்டும் பொறுமையாகத் தடவிப் பாருங்கள், எதிர்ச் சுவர் அநேகமாகப் புதுசாகவே இருக்கும்.

அடுத்தது குழி. அம்மைத் தழும்பு மாதிரி ஒன்றிரண்டு புள்ளி தடத்தில் இருந்தாலே அந்த ஜாயின்ட் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினப்படுத்திய மேல்தோல் உரிய ஆரம்பித்துவிட்டது, அது நிற்காது. நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கிறது, அதுவும் போனதுதான். கூண்டின் சன்னல் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். குண்டு சன்னலுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், கலகலவென்று ஆடினால் வட்டம் அடிக்கும்போது வரும் டக் டக் அங்கிருந்துதான்.

உள்பக்கத்தில் கப்பின் மூன்று நீளத் தடங்கள். வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்தில் உருளை நிற்கும் இடத்தில்தான் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குவதுதான் மிதிக்கும்போது வரும் உதறல். அப்புறம் ஷாஃப்ட். ஸ்ப்ளைன் பல் நேர்க்கோட்டில் இருக்கிறதா, அல்லது லேசாக முறுக்கேறி இருக்கிறதா? முறுக்கேறியிருந்தால் அது ஒருமுறை உடையப் பார்த்துப் பிழைத்தது. அடுத்த முறை பிழைக்காது. கடைசியாக, ஆயில் சீல் உட்காரும் வழவழப்பான பகுதி. அதில் நகம் மாட்டுகிற வரி விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும்.

எதை எடுக்க, எதை விட

தடம் சுத்தம், சத்தம் இல்லை என்றால், நான் யோசிப்பதே இல்லை. பூட் கிட் வாங்கி ஒரிஜினலைத் திரும்பப் பூட்டுவேன். தொழிற்சாலை ஒரிஜினலின் இரும்பு நிச்சயமானது, அது உங்கள் சாலையில் இத்தனை நாள் தாங்கிக் காட்டியிருக்கிறது. மலிவான புதியதைப் பற்றி அப்படி ஒன்றும் சொல்ல முடியாது.

உள் டிரைபாட் மட்டும் போயிருந்தால், அந்த ஜாயின்ட் தனியாகக் கிடைக்கிறதா பாருங்கள். பல வண்டிகளுக்குக் கிடைக்கும். வெளி ஜாயின்ட் போயிருந்தால் கணக்கு மாறும். தனி வெளி ஜாயின்ட் கிடைத்தாலும், உள்பக்கமும் பாதி தேய்ந்திருந்தால் முழு ஆக்ஸிலாக மாற்றிவிடுவதே மேல். ஷாஃப்ட் முறுக்கேறியிருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள்.

இடையில் ஒரு தந்திரம் உண்டு. இடம் வலம் இரண்டுக்கும் ஒரே ஆக்ஸில் வரும் வண்டிகளில் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டால், இதுவரை வேலை செய்யாத எதிர்ச் சுவருக்குச் சுமை போகும். சத்தம் அடங்கிவிடும். என் நண்பர் ஒருவர் அப்படியே இரண்டு வருடம் ஓட்டினார். ஆனால் இது லேசான தேய்மானத்துக்கு மட்டும். குழி விழுந்ததைப் பக்கம் மாற்றுவது வயதானவரை வேறு கட்டிலில் படுக்கவைப்பது மாதிரிதான்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். முழு ஆக்ஸில் மாற்ற எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். பிரித்து, கழுவி, பூட் போட்டுத் திரும்ப மாட்ட ஒரு முழுநாள், உலரவிடும் ராத்திரி தனி. நாளைக்கே வண்டி ஓட வேண்டும் என்றால் புதியதைப் போடுங்கள், ஆனால் பழையதை எறியாதீர்கள். ஓய்வாக இருக்கும்போது கழுவிப் பாருங்கள், நன்றாக இருந்தால் பூட் போட்டு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை பழையதைத் திருப்பித் தரச் சொன்னால் அதற்கு என்ன விலை வைக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

திரும்பப் பூட்டுவது

ஸ்ப்ளைன் பல்லின் மேல் டேப் சுற்றிய பிறகு பூட்டை ஏற்றுங்கள், இல்லையென்றால் பல்லே பூட்டின் உதட்டை வெட்டிவிடும். வெளி ஜாயின்ட் கழலாத ரகத்தில் முதலில் பெரிய கிளாம்ப், வெளி பூட், சின்ன கிளாம்ப், அதற்குப்பின் உள் பூட்டின் சின்ன கிளாம்ப், உள் பூட், பெரிய கிளாம்ப். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டிரைபாட்டை அடித்து, ஸ்னாப் ரிங்கையும் போட்ட பிறகு மேசைமேல் ஒரு சின்ன கிளாம்ப் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு அது மூன்று முறை சிரித்திருக்கிறது. டிரைபாட்டில் ஒரு பக்கம் ஸ்ப்ளைன் வாய் சரிவாக வெட்டியிருந்தால், எந்தப் பக்கம் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும் என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கிட்டில் வரும் பாக்கெட் அளந்து வைத்தது, அது முழுவதும் உள்ளே போக வேண்டும். வெளி ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்புக் கிரீஸ். டிரைபாட்டுக்குப் பல கிட்களில் வேறு நிறத்தில் தனிப் பாக்கெட் வரும், இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். சக்கர பேரிங் கிரீஸ் வீட்டில் கிடக்கிறதே என்று அதை அடைக்கவும் வேண்டாம். பெரும்பகுதியைக் குண்டுகளுக்கு நடுவே விரலால் அழுத்தி ஏற்றி, மீதியைப் பூட்டுக்குள் விடுங்கள்.

சின்ன வாயை முதலில் கிளாம்ப் செய்யுங்கள். பிறகு ஆக்ஸிலைக் கையேட்டில் சொன்ன நீளத்துக்கு வைத்து, பெரிய வாயின் உதட்டுக்குக் கீழே மழுங்கிய மெல்லிய திருப்புளியை நுழைத்துக் காற்றை வெளியே விட வேண்டும். புஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். பூட் உப்பியும் இருக்கக் கூடாது, ஒட்டி உள்வாங்கியும் இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் பெரிய கிளாம்ப். காது வைத்த கிளாம்ப்புக்கு அதற்குரிய இடுக்கி வேண்டும், சாதாரணக் குறடால் நசுக்கினால் பாதி இறுக்கம்தான் வரும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகு கிளாம்ப் கனம் ஒரு பக்கமாக இருப்பதால் சுற்றும்போது அதிரும், எதிலாவது இடிக்கவும் செய்யும். கழற்றாமலே ஒட்டிப் போடும் பிளவு பூட் என்று ஒன்று கிடைக்கும். கரடுமுரடில் ஓட்டுபவர்களுக்கு அதைப் பற்றி ஒரு வாக்கியமே அதிகம்.

டிஃபரன்ஷியலுக்குள் போகும் முனையில் புது சர்க்கிளிப் போட்டு, அதன் திறந்த வாய் கீழ் நோக்கி இருக்கும்படி வைத்துக் கொஞ்சம் கிரீஸால் நடுவில் நிறுத்துங்கள். சீல் உதட்டிலும் ஒரு தீற்றல் கிரீஸ். நேராகத் தாங்கி ஒரே தள்ளு, ‘டக்’ என்று உட்காரும். உட்கார்ந்ததா என்று பார்க்கக் கப்பைப் பிடித்து இழுங்கள், ஷாஃப்டை அல்ல. நடு நட்டை வண்டி தரையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டு எண்ணுக்கு இறுக்கிப் பூட்டுப் பின்னைப் போடுங்கள். தட்டி மடக்கிப் பூட்டும் வகை நட் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. டிஃபரன்ஷியல் எண்ணெயை நிரப்பு துளையின் விளிம்புவரை நிரப்புங்கள்.

புதியது வாங்கினால்

பெட்டியைத் திறந்ததும் பழையதன் பக்கத்தில் படுக்கவையுங்கள். முழுக்கச் சுருக்கி ஒரு நீளம், முழுக்க இழுத்து ஒரு நீளம். இரு முனையிலும் பல்லை எண்ணுங்கள். சீல் உட்காரும் இடத்தின் விட்டத்தையும் நடு ஷாஃப்டின் தடிமனையும் வெர்னியர் காலிப்பரால் அளங்கள். பழையதில் ஏ.பி.எஸ். வளையம் இருந்ததா, புதியதில் இருக்கிறதா? வெளி ஜாயின்ட்டை முழுக்க மடக்கிச் சுற்றுங்கள், எங்காவது பிடித்து விட்டுச் சுற்றினால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுங்கள். உடைந்த அந்த மலிவு ஆக்ஸிலை நான் பிறகு பிரித்துப் பார்த்தேன். நடு ஷாஃப்ட் ஒரிஜினலைவிடக் கண்ணுக்கே தெரிகிற அளவு ஒல்லி. உடையாத உள்பக்கத்திலும் கிரீஸ் ஒரு உள்ளங்கைகூடத் தேறவில்லை.

பழுதுபார்த்து விற்கும் ஒரிஜினல்கள் என்று ஒரு நடுவழி உண்டு. தடத்தைச் சாணை பிடித்துக் கொஞ்சம் பெரிய குண்டு போட்டிருப்பார்கள். யார் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கடினமான மேல்தோல் மெல்லியது, அதைத் தாண்டிச் சாணை பிடித்திருந்தால் சீக்கிரமே குழி விழும். செய்தவரை நேரில் கேட்க முடியாதென்றால் நான் வாங்குவதில்லை.

உயர்த்திய வண்டி

வண்டியை 2 அங்குலம் உயர்த்தியவுடன் ஆக்ஸில் சும்மா நிற்கும்போதே சாய்ந்து நிற்கிறது. உள் பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுற்றும். சில மாதங்களில் மடிப்பின் முதுகில் மெல்லிய வெட்டு விழும். புது பூட் போட்டும் அடிக்கடி கிழிகிறதே என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கும் ஸ்பேசர் கோணத்தைக் குறைக்கும். என் வண்டியில் உள் பூட்டின் சின்ன வாயை ஷாஃப்டில் ஒரு விரல் அகலம் சக்கரத்துப் பக்கமாக நகர்த்திக் கிளாம்ப் செய்தேன். மடிப்புகள் விலகி நின்றன, உரசல் போனது. அதற்கு மேல் உயர்த்த ஆசைப்பட்டால் முன்பு சொன்ன 25 டிகிரி உங்களுக்காகக் காத்திருக்கிறது.

நடுக்காட்டில் உடைந்தால்

இப்போது என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆக்ஸில் இருக்கிறது. ஒரிஜினல்தான், வேறொரு வண்டியில் பூட் கிழிந்ததற்காக எடைக்குப் போகவிருந்ததை வாங்கிக் கழுவினேன். பழைய டியூபைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன், கூடவே நடு நட்டுக்கான சாக்கெட், நெம்புகோல், பின், அரை லிட்டர் கியர் ஆயில்.

கையில் உபரி இல்லாமல் வெளி ஜாயின்ட் உடைந்தால், மொத்த ஆக்ஸிலையும் பிடுங்கிவிட்டு வெறும் ஹப்போடு ஓட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பல வண்டிகளில் ஆக்ஸில் முனையும் நட்டும் சேர்ந்துதான் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடிக்கின்றன. உடைந்த ஜாயின்ட்டைப் பிரித்து, குண்டு, கூண்டு, ஷாஃப்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெளிக் கிண்ணத்தை மட்டும் ஹப்பில் வைத்து நட்டை முழுக்க இறுக்குங்கள். உள் கப் டிஃபரன்ஷியலிலேயே இருக்கட்டும், அதுதான் எண்ணெய்க்கு மூடி. அதன் வாயைத் துணி அடைத்துப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடலாம். பிறகு டூ வீலில், பின் சக்கரத்தை மட்டும் நம்பி, மெதுவாக வெளியே வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மணலில் பொறுக்கிய குண்டுகளையும் கழுவிப் பாருங்கள்.